ஊருக்குள் ஒரு வீடு, வீட்டருகே ஒரு பூங்கா!

ஓசூர் சிப்காட் வாயிலில், ஒரு ஷிப்ட் முடிந்து மறு ஷிப்ட் தொடங்கும் வேளையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வெளியே வருகிறவன் முகத்தில் களைப்பு. உள்ளே போகிறவன் முகத்திலும் களைப்பு! எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறவன் களைத்திருப்பது இயற்கை. இன்னும் எந்திரத்தைத் தொடாதவன் ஏன் களைத்திருக்கிறான்? தோழர்களே, இதற்கு விடை தொழிற்சாலைக்குள் இல்லை. அவன் எங்கிருந்து வருகிறான், எப்படிப்பட்ட அறையில் படுத்தான், படுத்தவனை உறங்க விட்டார்களா, பேருந்துக்கு எத்தனை நேரம் காத்து நின்றான் என்பதிலே இருக்கிறது.

கூலியைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். போனசைப் பற்றிப் பேசியிருக்கிறோம். காண்ட்ராக்ட் முறையின் கொடுமையை மேடைதோறும் எடுத்துரைத்திருக்கிறோம். வீட்டைப் பற்றி? அந்த வீடு எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்பதைப் பற்றி? அதிகம் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "கடைத்தெரு பக்கத்தில் இருக்கவேண்டும், பூங்கா பக்கத்தில் இருக்கவேண்டும், அக்கம்பக்கம் நல்லவர்களாக இருக்கவேண்டும் என்பதெல்லாம் மனை விற்கிறவன் அச்சடித்துக் கொடுக்கும் நோட்டீசில் வருகிற வாசகமாயிற்றே! பாட்டாளியின் இயக்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குத்தான் இன்று பதில் எழுதுகிறோம்.

முதலில் கணக்குப் பார்ப்போம். ஒரு தொழிலாளி வீட்டிலிருந்து புறப்பட்டுத் தொழிற்சாலை வாயிலை அடைய ஒரு மணி நேரம். திரும்பி வர ஒரு மணி நேரம். மாதத்தில் 26 நாள் வேலை. ஆக 52 மணி நேரம் சாலையிலே கழிகிறது. எட்டு மணி ஒரு ஷிப்ட் என்றால் இது ஆறரை ஷிப்ட். மாதந்தோறும் ஆறரை நாள் இவன் கூலியின்றி உழைக்கிறான்! முதலாளியின் கணக்கில் அது வேலை நேரம் அல்ல. சர்க்கார் ஏட்டிலும் அல்ல. மனைவி மக்களின் கணக்கில் அது ஓய்வு நேரமும் அல்ல. யாருடைய ஏட்டிலும் ஏறாத நேரம் அது.

1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் இந்த நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடிய காலந்தொட்டு எட்டு மணி நேரம் என்பது நமக்கு உயிர்மூச்சு. 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது சங்கங்கள் கொதித்து எழுந்தன. அதே ஆண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். முன்வாசல் வழியாக வந்த நான்கு மணி நேரத்தை விரட்டியடித்தோம். சரி. பேருந்திலேறிக் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரத்தை என்ன செய்தோம்? கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டோம்!

ஆகவேதான் சொல்கிறோம்: வீடு ஊருக்குள் இருக்கவேண்டும் என்பது சொகுசு அல்ல, எட்டு மணி நேரக் கோரிக்கையின் மறுபாதி அது.

ஓசூர் நேற்று முளைத்த ஊர் அல்ல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று, ரோஜா விளையும் மண். வெள்ளைக்காரன் இதைக் 'குட்டி இங்கிலாந்து' என்று கொண்டாடினான். ஆனால் அன்றைய தர்மபுரி மாவட்டத்து ஏழை உழவனுக்கு அந்தக் குளிர்ச்சியால் வயிறு நிறையவில்லை. மழை பொய்த்தால் பெங்களூருக்கு ஓட்டம். அதுதான் அவன் கண்ட வழி. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். வந்தது, டைட்டன் வந்தது. ஓடிய கால்கள் நின்றன. வெளியூர்க் கால்களும் இங்கே வந்து சேர்ந்தன.

வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? இங்கேதான் ஒரு செய்தி. ஓசூரில் ஏறி உட்கார்ந்தால் நடத்துநர் கேட்பார்: "பழைய ஏ.எஸ்.டி.சி. ஹட்கோவா, புது ஏ.எஸ்.டி.சி. ஹட்கோவா, அவலப்பள்ளி ஹட்கோவா?" ஹட்கோ என்பது என்ன? சாமி பெயரா, ஊர்த் தலைவர் பெயரா? 1970இல் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக் கடன் நிறுவனத்தின் பெயர்! கடன் கொடுத்தவன் பெயர் தெருவுக்கே பெயராகிவிட்டது. கடன் கொடுத்தவன் பெயரைக் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும் நம் மக்கள், இந்த ஒரு கடன்காரனின் பெயரை மட்டும் வாய் இனிக்கச் சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது. பொதுப்பணத்தில், பொதுநிலத்தில், தெரு இவ்வளவு அகலம், திடல் இவ்வளவு பரப்பு என்று முன்கூட்டியே கோடு கிழித்து, நகரை ஒட்டி எழுந்த குடியிருப்புகள் அவை. பாகலூர் சாலையில் வீட்டு வசதி வாரியம் எழுப்பிய குடியிருப்பும் அப்படியே. அவையெல்லாம் பொன்னுலகம் என்று நாம் கூறவில்லை. குறைகள் இருந்தன, இருக்கின்றன. ஆனால் அங்கே குடியேறியவன் சந்தைக்கு நடந்து போனான். பிள்ளை பள்ளிக்கு நடந்து போயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தன. உகாதிக்கு வந்த ஒப்பட்டும் பொங்கலுக்குப் போன கரும்பும் அந்தத் தெருக்களில் மொழிப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தன!

இன்னொரு செய்தியும் நினைவில் வைக்கத்தக்கது. 1980களில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியபோது, சிற்றூர்ப் பள்ளிகளிலே படிப்பை முடித்த 17, 18 வயதுப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்தார்கள். அவர்களைக் கொட்டகையில் அடைக்கவில்லை. ஓசூரில் வீடுகளை வாடகைக்குப் பிடித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வளர்ப்புப் பெற்றோர் என்று பெரியவர்களை அமர்த்தினார்கள். பிள்ளைகள் ஊரோடு ஊராக வளர்ந்தார்கள். முதலாளி செய்த காரியத்தை நாம் பாராட்டுவதா என்று புருவம் உயர்த்தவேண்டாம். செய்யக்கூடியதுதான் என்பதற்கு அவர்களே சாட்சி சொல்லிவிட்டார்கள் அல்லவா? இனி எந்த முதலாளியாவது "முடியாது" என்று சொன்னால், நாம் காட்டவேண்டிய சாட்சி அது.

இன்றைய நிலை என்ன?

சென்ற வாரம் ஒரு தோழர் வீட்டுக்குப் போயிருந்தோம். சிப்காட்டை ஒட்டிய பகுதி. தெருவின் பெயர் வேண்டாம். எழுதினால் வீட்டுக்காரர் அவரைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். ஒரே வாசல், உள்ளே எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு அறை. அறைக்கு ஒரு குடும்பம், அல்லது ஐந்து பிரம்மச்சாரிகள். மேலே தகரம். தோழர் நைட் ஷிப்ட் முடித்து வந்து, காலை எட்டு மணிக்குப் படுக்கிறார். பத்து மணிக்கு நடையிலே பந்து விழுகிறது. எதிரறைப் பிள்ளைகள் இரண்டு, ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். தோழர் எழுந்து அதட்டுகிறார். பிள்ளையின் தாய் வெளியே வந்து தன் மொழியில் ஏதோ சொல்கிறாள். இவர் தம் மொழியில் ஏதோ சொல்கிறார். "இந்திக்காரன் தொல்லை தாங்கல அண்ணே" என்றார் நம்மிடம். ஒடிசாக்காரியின் தாய்மொழி ஒடியா என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஒரே வாசலில் ஈராண்டு வாழ்ந்தும் தெரியாது!

நாம் அவரைக் கேட்டோம்: அந்தப் பிள்ளை எங்கே போய்ப் பந்தடிக்கும்? அவர் யோசித்தார். மேற்கே லாரிகள் நிற்கும் சாலை. கிழக்கே வேலியிட்ட மனை. ஐந்து நிமிட நடையில் ஒரு திடல் இருந்தால் பிள்ளை அங்கே போயிருக்கும். இவர் இரண்டு மணி வரை உறங்கியிருப்பார். மாலையில் அதே திடலில் அந்தப் பிள்ளையின் தகப்பனும் இவரும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து, தீப்பெட்டி கேட்கிற சாக்கிலாவது பேசியிருப்பார்கள். நல்ல அண்டை அயல் என்பது நல்ல மனத்தால் மட்டும் அமைந்துவிடுவதில்லை, இடத்தாலும் அமைகிறது. இடமில்லாத இடத்தில் இரண்டு ஏழைகள் ஒருவர் உறக்கத்தை ஒருவர் கெடுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பகைவர் என்று எண்ணுகிறார்கள். தகரம் போட்டு வாடகை வாங்குகிறவரோ, குளிர்ந்த இடத்தில் நிம்மதியாக உறங்குகிறார்!

அந்த அறைக்கு முன்பணம் எவ்வளவு தெரியுமா? பத்து மாத வாடகை. பெங்களூர் வழக்கம் எல்லை தாண்டி வந்துவிட்டது. பெங்களூரில் வேலை, ஓசூரில் வீடு என்று வருகிறவர்களால் வாடகையும் ஏறுகிறது. சட்டம் இல்லையா? இருக்கிறது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் அதே பிரிவின் தலைப்பில், வேறு விதமான ஒப்பந்தம் இருந்தாலன்றி என்று ஒரு சிறு வாசகம்! ஒப்பந்தத்தை எழுதுகிறவர் யார்? வீட்டுக்காரர். கையெழுத்துப் போடுகிறவர் யார்? நாளைக்கு ஷிப்டுக்குப் போயாகவேண்டியவர். வாசற்கதவைப் பூட்டிச் சாவியைத் திருடன் கையிலே கொடுத்தாற்போல் ஒரு சட்டம்.

பூங்காவுக்கு வருவோம். பூங்கா என்றதும் பணக்காரன் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிற இடம் என்று ஏளனம் செய்பவர்களுக்கு ஒரு தகவல். 1959இலேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைக் காப்பதற்கென்று இந்த மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. இன்றைய விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர், சாலைகள் போக மிஞ்சும் பரப்பில் 10 விழுக்காட்டைப் பூங்காவுக்கும் திடலுக்கும் ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த நிலம் யாருடையது? மனை விற்றவனுடையது அல்ல, ஊராருடையது. ஓசூரைச் சுற்றி எத்தனை நகர்கள், எத்தனை லேஅவுட்டுகள்! ஒவ்வொன்றின் வரைபடத்திலும் பச்சை மையில் ஒரு கட்டம் இருக்கும். தரையில் போய்ப் பாருங்கள். சில இடத்தில் பூங்கா உண்மையாகவே இருக்கும், மகிழ்வோம். சில இடத்தில் முட்செடி. சில இடத்தில் யாரோ ஒருவருடைய கார் நிற்கும் கொட்டகை. சில இடத்தில் பூங்காவையே காணோம்!

எல்லைக்கு அப்பால் நடந்த ஒரு வழக்கைத் தோழர்கள் அறிந்திருக்கவேண்டும். பெங்களூர் ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை, மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். மருத்துவமனைதானே, நல்ல காரியந்தானே என்று எல்லாரும் வாளாவிருக்கவில்லை. அந்தப் பகுதி மக்கள் வழக்கு மன்றம் ஏறினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பூங்காவுக்கு ஒதுக்கிய நிலம் பூங்காவுக்கே, அதைத் தனியாருக்கு மாற்றிவிட முதலமைச்சருக்கும் உரிமையில்லை. அந்தப் பகுதியில் வாழ்ந்தவர்கள் வசதியுள்ளவர்கள், வக்கீல் வைக்க முடிந்தவர்கள் என்பது உண்மைதான். ஆனால் தீர்ப்பு அவர்களுக்கு மட்டும் சொந்தமில்லையே! சின்ன எலசகிரிக்கும் மூக்கண்டப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் அது பொருந்தும்.

நகர் நடுவே ராமநாயக்கன் ஏரி இருக்கிறது. மலைமேல் சந்திரசூடேசுவரர் கோயில் இருக்கிறது. மாலையில் கால் நடக்க அங்கெல்லாம் மக்கள் போகிறார்கள். போகட்டும். ஆனால் ஏரிகளின் கதி என்ன என்பதற்குக் கெலவரப்பள்ளி அணையைப் பார்த்தால் போதும். பெங்களூர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் தென்பெண்ணையில் கலந்து, மழைக் காலத்தில் பனிமலை போல் நுரை பொங்கி வருகிறது. அதையும் சிலர் படம் பிடித்து மகிழ்கிறார்கள்!

இப்போது விடுதிகளின் காலம். மின்னணுத் தொழில் வந்தபின், ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். நம் மாவட்டத்துப் பெண்கள், தென்மாவட்டத்துப் பெண்கள், ஜார்க்கண்ட் வரையிலிருந்து வரும் பெண்கள். அவர்களுக்குத் தங்குமிடம் வேண்டாமா? வேண்டும். 2024 ஆகஸ்டில் திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் திறந்தது. தெருவோர அறைகளில் பெண்கள் அடைந்து கிடந்த நிலைக்கு அது மேல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் விடுதி வேறு, வீடு வேறு. விடுதியில் கட்டில் உண்டு, அக்கம்பக்கம் கிடையாது. தாய் வந்தால் தங்க இடம் கிடையாது. திருமணம் ஆனால் வெளியே போகவேண்டும். வேலை போனால் அன்றே கட்டிலும் போகும். கூலியும் கூரையும் ஒரே கையில் இருந்தால், சங்கம் வைக்க எந்தப் பெண்ணுக்குத் துணிவு வரும்?

2025 நவம்பரில் நம் மாவட்டத்து நாகமங்கலத்தில் நடந்ததை மறக்கமுடியுமா? பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் கேமரா மறைத்து வைக்கப்பட்டிருந்த செய்தி பரவியது. பெண்கள் இரவிலே வெளியே திரண்டு நீதி கேட்டார்கள். அதன்பின் கைது நடந்தது. அந்தப் பெண்களின் துணிவுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் எண்ணிப் பாருங்கள். நகரை விட்டுத் தொலைவில், ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே மதிலுக்குள். அழைத்தால் ஓடிவர ஒரு பெட்டிக்கடைக்காரர் இல்லை, எதிர்வீட்டு ஆயா இல்லை, தெருமுனைப் படிப்பகத்தில் பத்திரிகை படிக்கும் நாலு இளைஞர்கள் இல்லை. ஊருக்கு நடுவே, இருபது முப்பது பேர் தங்கும் வீடுகளாக அவை இருந்திருந்தால்? குற்றமே நடந்திராது என்று சொல்ல நாம் சோதிடர் அல்ல. அவர்கள் முறையிட ஓர் ஊர் இருந்திருக்கும் என்று மட்டும் சொல்கிறோம்.

ஏழையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குவித்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை நமக்குக் காட்டியிருக்கிறது. 2000 முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் நகர் நடுவிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சிமெண்டு வீடு கிடைத்தது; வீட்டு வேலை செய்த பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை; பிள்ளை படித்த பள்ளி எங்கோ நின்றுவிட்டது. சுவர் கொடுத்தவர்கள் ஊரைக் கொடுக்கவில்லை.

"நகர் நடுவே நிலம் தங்க விலை, அங்கே தொழிலாளிக்கு வீடு கட்டமுடியுமா?" என்பார்கள் கணக்குப் பிள்ளைகள். முடியும் என்று காட்டிய நகரம் ஒன்று உண்டு. ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னா. முதல் உலகப்போரில் தோற்று, பசியும் பட்டினியுமாய்க் கிடந்த ஊர் அது. நகராட்சி தொழிலாளர் கட்சியின் கைக்கு வந்தது. 1923இல் வீட்டு வரி போட்டார்கள். மாளிகைக்கு ஏற ஏற வரி, சிறு வீட்டுக்குச் சிறு வரி. அந்தப் பணத்தில் 1934க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள்! அவற்றில் ஒன்று 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோப்: ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள், துணி வெளுக்கும் கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், எல்லாம் உள்ளே. நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கட்டடம். மிச்சமெல்லாம் மரமும் புல்லும். 1934 பிப்ரவரியில் பாசிச ஆட்சி அந்தக் குடியிருப்பின்மீது பீரங்கி வைத்துச் சுட்டது. தொழிலாளி நல்ல வீட்டில் ஒன்றாக வாழ்வது எவ்வளவு அச்சத்தை அவர்களுக்குக் கொடுத்தது பாருங்கள்! பீரங்கி வைத்தவர்கள் போய்விட்டார்கள். வீடுகள் இன்றும் நிற்கின்றன. இன்றும் அந்த நகரத்து மக்களில் பாதிப்பேர் அளவுக்கு நகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோதான் வாழ்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் பெங்களூரிலேயே எச்.எம்.டி., பி.இ.எல்., ஐ.டி.ஐ. என்று பொதுத்துறை ஆலைகள் தம் தொழிலாளருக்குக் குடியிருப்பும் திடலும் பள்ளியும் அமைத்த காலம் ஒன்று இருந்தது.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம்? 2011 கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,16,821. 2019இல் மாநகராட்சி ஆயிற்று. 2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. எத்தனை பேருக்குத் திட்டமிடுகிறோம் என்றே தெரியாமல் நகரம் நாற்புறமும் ஓடுகிறது. 2024 ஜூனில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. பொம்மசந்திரா வரை வந்துவிட்ட பெங்களூர் மெட்ரோவை ஓசூருக்கு நீட்டவேண்டும் என்ற பேச்சும் நடக்கிறது. வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பு வந்த மறுநாளே நிலத்தின் விலை விமானமேறிவிடுகிறது. இன்னும் மிஞ்சியிருக்கிற அரசு நிலத்தை இப்போதே தொழிலாளர் வீட்டுக்கும் பூங்காவுக்கும் என்று எழுதி வைக்காவிட்டால், ஐந்தாண்டு கழித்து அழுது பயனில்லை. வாரியம் கட்டட்டும், மாநகராட்சி கட்டட்டும், ஆலைகள் பங்கு கொடுக்கட்டும். விற்பதற்காக அல்ல, கூலிக்கு ஏற்ற வாடகைக்கு. பத்தாயிரம் பேருக்கு ஒரு மதில் வேண்டாம். ஊருக்குள் தெருத்தெருவாக, நடக்கும் தூரத்தில் சந்தையும் பள்ளியும் திடலும் இருக்கும்படி.

கோரிக்கை எழுதுவது எளிது. அதற்கு முன் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. படிப்பகம் கட்டி வளர்ந்தவர்கள் நாம். ஏடு புரட்டத் தெரியும். உங்கள் பகுதி மனைப்பிரிவின் அங்கீகார வரைபடம் மாநகராட்சியிலோ, ஓசூர் புதுநகர் வளர்ச்சிக் குழுமத்திலோ இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டினால் நகல் கேட்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை தெருவில் இறங்குங்கள். பச்சைக் கட்டம் எங்கே என்று அடியளந்து பாருங்கள். வார்டுதோறும் பகுதி சபை என்று ஒன்று 2022 முதல் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அந்த வரைபடத்தை விரித்து வையுங்கள். போகும்போது எதிரறை ஒடிசாக்காரரையும் அழைத்துச் செல்லுங்கள். திடல் அவர் பிள்ளைக்கும் வேண்டும்.

நம் தோழரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை ஓ.டி. இருக்கு அண்ணே, மத்தியானத்துக்கு மேலே வர்றேன்" என்றார். மத்தியானம் மூன்று மணிக்கு ராம் நகர் அண்ணா சிலையருகே சந்திப்பதாக ஏற்பாடு. வரைபடத்தின் நகல் நம்மிடம் இருக்கிறது. அளவு நாடாவை அவர் கொண்டுவருகிறார்.